செருப்புக் கடையில் மிஞ்சும் மெழுகு: பிரித்து, உருக்கி, மறுபடி பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

செருப்பு, ஷூ பழுது பார்ப்பவர் ஒருவருடைய பெட்டியைக் கவிழ்த்தால் மெழுகு பல உருவத்தில் விழும். நூலைத் தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் விழுந்த கறுத்த உருண்டை, கட்டைவிரல் அளவுக்குக் குறைந்துபோன மெழுகுவர்த்தி, வெடித்து வறண்ட பாலிஷ் ஒட்டிக்கொண்டிருக்கும் டின்கள், அடித்தோலின் ஓரத்துக்குத் தேய்க்கும் மெழுகுக் குச்சியின் கடைசித் துண்டு. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் தூக்கிப்போடத்தான் தோன்றும். சில மாதம் சேர்த்துவைத்தால் ஒரு டப்பா தேறும்.

அந்த டப்பாவை அப்படியே அடுப்பில் ஏற்றி, எல்லாவற்றையும் உருக்கி ஒரே கட்டியாக ஊற்றிவிடுவது பலரும் செய்வது. அப்படிக் கிடைக்கும் கட்டி எந்த வேலைக்கும் சரியாக வராது. நூலில் தேய்த்தால் உதிரும். ஓரத்தில் தேய்த்தால் பிசுபிசுக்கும். கறுப்பு ஷூவில் பூசினால் மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். நூலுக்கு வேண்டியது பிடிப்பு, ஓரத்துக்கு வேண்டியது கடினம், மேல்தோலுக்கு வேண்டியது மென்மை. மூன்றையும் ஒரே மெழுகு தராது. அதனால் இந்த வேலையில் பாதி அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பிரிப்பது

ஒரு பழைய செய்தித்தாளை விரித்து எல்லா மெழுகையும் கொட்டுங்கள். நான்கு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள்: தேன்மெழுகு, மெழுகுவர்த்தி, பாலிஷ், தெரியாதது. இந்த நான்காவது கிண்ணம் முக்கியம். சந்தேகம் வந்தால் அதில் போட்டுவிடுங்கள். ஒரு துண்டு தவறான மெழுகு, அரைக் கிலோ நல்ல மெழுகைக் கெடுத்துவிடும்.

தேன்மெழுகைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. ஒரு சிறு துண்டை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிசையுங்கள். சிறிது நேரத்தில் கைச்சூட்டுக்கே குழையும், விரலில் லேசாக ஒட்டும், தேனின் மெல்லிய வாசனை வரும். நகத்தால் கீறினால் பொடியாகாமல் சுருளாக வரும். இது 62 முதல் 64 டிகிரி சென்டிகிரேடில் உருகும்.

கடையில் விற்கும் சாதாரண மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின், அதாவது பெட்ரோலிய மெழுகு. கெட்டியாக இருக்க ஸ்டியரிக் அமிலமும் கலந்திருப்பார்கள். கையில் வழுக்கும், பிசைந்தால் குழைவதற்குள் நொறுங்கும், கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். மெழுகுவர்த்திக்கான பாரஃபின் பொதுவாக 50 டிகிரிக்கு மேல், 60ஐ ஒட்டி உருகும். உருகுநிலை தேன்மெழுகுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. பாரஃபினுக்கு ஒட்டும் குணம் கிடையாது. நூலுக்கு அது ஆகாததற்கு அதுவே காரணம்.

மூன்றாவதாக ஒன்று வரலாம். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு. மஞ்சள் செதில்களாக, கண்ணாடி மாதிரி உடையும். 82 முதல் 86 டிகிரி வரை சூடேறினால்தான் உருகும். நல்ல ஷூ பாலிஷின் பளபளப்புக்கு இதுவே பெரிய காரணம். தனியாக இது உங்கள் பெட்டியில் இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தால் பத்திரமாக எடுத்துவையுங்கள், ஓர மெழுகில் ஒரு சிட்டிகை போட்டாலும் வித்தியாசம் தெரியும்.

தெரியாத கிண்ணத்துக்குப் போக வேண்டியவை: வாசனை மெழுகுவர்த்தி, கண்ணாடி டம்ளரில் வரும் ஜெல் மெழுகு, மினுமினுப்புத் தூள் கலந்தவை, குழந்தைகளின் கிரேயான், தரைக்குப் போடும் பாலிஷ், முத்திரை வைக்கும் அரக்கு, பசைத் துப்பாக்கிக் குச்சி. ஜெல் மெழுகில் பெரும்பகுதி எண்ணெய்தான். அது ஒரு துளி கலந்தாலும் நூல் மெழுகு வழவழத்துப்போகும். பிரார்த்தனைக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியின் அடித்துண்டுகள் கிடைத்தால் மெழுகுவர்த்திக் கிண்ணத்தில் போடலாம். திரியையும், அடியில் தகடு இருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள்.

மண்ணை எடுக்காமல் எதுவும் செய்யாதீர்கள்

நடைபாதையில் உட்கார்ந்து வேலை செய்பவரின் மெழுகு உருண்டை ஏன் கறுப்பாகிறது? நூலின் சாயம் கொஞ்சம், கை அழுக்கு கொஞ்சம், மீதி தெருப் புழுதி. புழுதியில் இருப்பது நுண்ணிய மணல். மணல் ஒட்டிய மெழுகில் நூலை இழுத்தால், தைப்பதற்கு முன்பே நூலை உப்புத்தாளில் தேய்த்த கதைதான். தையல் போட்ட அன்று தெரியாது. கொஞ்ச நாள் நடந்தபின் ஒரு இடத்தில் நூல் பிரியும், வாடிக்கையாளர் நூலைக் குறை சொல்வார். பழைய மெழுகைத் திரும்ப எடுப்பதில் மிச்சமாகும் காசைவிட, இந்த மணலை வெளியேற்றுவதுதான் பெரிய லாபம் என்பேன்.

வடிகட்டத் தேவையானவை: சமையலுக்கு இனி எடுக்காத ஒரு எவர்சில்வர் பாத்திரம், அது உள்ளே உட்காரும்படி இன்னொரு பெரிய பாத்திரம், பொருத்தமான மூடி, பழைய வேட்டித் துணி அல்லது நைலான் காலுறை, கிளற ஒரு குச்சி. இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரங்களில் தேன்மெழுகை உருக்கினால் நிறம் மாறிவிடும். அதனால்தான் எவர்சில்வர்.

தண்ணீரும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீர் ஆகியவற்றில் தேன்மெழுகைக் காய்ச்சினால் அடியில் பஞ்சு போன்ற ஒரு வண்டல் உண்டாகி, மெழுகில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தேனீ வளர்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். மழைத்தண்ணீர் நல்லது. கிடைக்காவிட்டால் குடிநீர் கேனிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அரை லிட்டர்தான் செலவாகும்.

இனி வேலையின் வரிசை:

1. மெழுகைக் கத்தியால் சிறு சில்லுகளாகச் சீவுங்கள். முழுக் கட்டியாகப் போடக் கூடாது. மேலே கட்டி மூடிக்கொண்டு, அடியில் தண்ணீர் கொதித்தால் நீராவி வழி கிடைக்காமல் வெடித்துக் கிளம்பும்.

2. சிறிய பாத்திரத்தில் மெழுகுச் சில்லுகளும் அதே அளவு தண்ணீரும் சேருங்கள். அதைப் பெரிய பாத்திரத்தில் உள்ள தண்ணீருக்குள் வைத்து மெல்லிய தீயில் சூடாக்குங்கள். தளதளவென்று கொதிக்கத் தேவையில்லை. மெழுகு உருகிய பிறகு அந்தச் சூடே போதும்.

3. எல்லாம் உருகியதும் மெதுவாக ஒரு சுற்றுக் கிளறி, பத்து நிமிடம் ஆட்டாமல் விடுங்கள். மெழுகு மேலே மிதக்கும், மணல் தண்ணீருக்குள் இறங்கும்.

4. துணியை ஈரமாக்கிப் பிழிந்து, இன்னொரு பாத்திரத்தின் வாயில் கட்டி, மெழுகையும் தண்ணீரையும் சேர்த்து ஊற்றுங்கள். காய்ந்த துணி என்றால் மெழுகைக் குடித்துவிடும்.

5. மூடிவைத்து, ஒரு இரவு முழுக்கத் தானாக ஆறட்டும். அவசரப்பட்டு ஆறவைத்தால் அழுக்கு இறங்குவதற்குள் மெழுகு உறைந்துவிடும்.

6. காலையில் வட்டத்தைக் கவிழ்த்து எடுங்கள். அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். அதை முழுக்கச் சுரண்டிவிட்டு, நிழலில் ஒரு நாள் காயவையுங்கள்.

மிகவும் அழுக்கான மெழுகுக்கு இதையே இரண்டாம் முறையும் செய்யலாம். கறுப்பு நிறம் முழுக்கப் போகாது, போகவும் தேவையில்லை. நகத்தால் சுரண்டிப் பற்களுக்கிடையே வைத்தால் நறநறக்கக் கூடாது, அதுதான் கணக்கு. சாயம், பாலிஷ் கலந்த மெழுகில் மட்டும் இந்தப் பற்சோதனையைச் செய்ய வேண்டாம், இரண்டு நகங்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள்.

தீ பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். உருகிய மெழுகை நேரடித் தீயில் வைத்து அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். தண்ணீருக்குள் பாத்திரத்தை வைப்பது இதற்காகத்தான், தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றிவிட்டால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ கூரை வரை எழும்பும். மெழுகு கையில் கொட்டிவிட்டால் அதைப் பிய்க்காமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

அடுப்பே இல்லாமல் வெயிலில் உருக்குவது

கடையில் அடுப்பு வைக்க இடம் இல்லாதவர்களுக்கு, நம் ஊருக்கு என்றே பொருந்தும் ஒரு வழி உண்டு. தேனீ வளர்ப்பவர்கள் பழைய அடைகளை உருக்கப் பயன்படுத்தும் வெயில் பெட்டி. ஒரு தெர்மாகோல் பெட்டி அல்லது மரப்பெட்டியின் உள்பக்கத்துக்குக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். உள்ளே ஒரு தட்டைச் சற்றுச் சாய்வாக வையுங்கள். தட்டின் தாழ்ந்த முனைக்குக் கீழே, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய கிண்ணம். தட்டில் மெழுகுச் சில்லுகளைப் பரப்பி, ஓரத்தில் ஒரு துண்டு நைலான் காலுறையைத் தடுப்பாகச் செருகுங்கள். பெட்டியின் வாயை ஒரு கண்ணாடியால் மூடி, வெயில் நேராக விழும்படி வையுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் காலையில் வைத்தால் மதியத்துக்குள் மெழுகு தானாக வடிந்து கிண்ணத்தில் சேர்ந்துவிடும். புழுதியும் நூல் துண்டுகளும் தட்டிலேயே நின்றுவிடும். தீ பயம் கிடையாது, எரிபொருள் செலவு கிடையாது. வெயில் பட்டுத் தேன்மெழுகின் நிறமும் கொஞ்சம் வெளுக்கும், வெளிர் நிறத் தோலில் தைக்கும் நூலுக்கு அது நல்லது. மேகம் போட்ட நாளில் மட்டும் இதை நம்ப முடியாது. பாலிஷ் துண்டுகளை இந்தப் பெட்டியில் வைக்காதீர்கள், ஏன் என்பது பின்னால் வரும்.

நூல் மெழுகு

சுத்தமான தேன்மெழுகு கிடைத்துவிட்டது. அதை அப்படியே நூலுக்குத் தேய்க்கலாம், பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கைத்தையலுக்குத் தேன்மெழுகு மட்டும் போதாது என்பது என் கருத்து. அது நூலை வழுக்கவிடும், தண்ணீரைத் தடுக்கும். தையலைத் துளைக்குள்ளேயே பிடித்து நிறுத்தும் வேலையை அரைகுறையாகத்தான் செய்யும். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் நழுவாமல் நிற்க வேண்டுமானால் மெழுகோடு பிசின் சேர வேண்டும். ஐரோப்பியச் செருப்புத் தொழிலாளர்கள் கீல் (கெட்டித் தார்), பிசின், கொழுப்பு அல்லது மெழுகு சேர்த்துத் தங்கள் மெழுகைத் தாங்களே காய்ச்சிக்கொண்டது இதற்குத்தான். நமக்கும் இந்தச் சேர்க்கை புதிதல்ல. சுவாமிமலையில் ஸ்தபதிகள் சிலை வார்ப்பதற்கு முதலில் வடிக்கும் மெழுகு உருவம், தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்ததுதான்.

செருப்பு நூலுக்கு ரோசின் எளிது. பைன் மரப் பாலிலிருந்து டர்பன்டைனை வடித்தபின் மிஞ்சும் தேன்நிறப் பிசின் அது. வயலின் வில்லில் தேய்ப்பதும் ரேடியோ மெக்கானிக் ஈயம் பற்றவைக்கும்போது தொடுவதும் இதே பொருள்தான். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கட்டியாகவோ சிறு டப்பாவிலோ கிடைக்கும். நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியத்தையும் சிலர் போடுகிறார்கள். அது எளிதில் உருகாது, கட்டி கட்டியாக நின்றுவிடும். முதல் முறை செய்பவர்கள் ரோசினையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு: வடிகட்டிய தேன்மெழுகு 100 கிராம், ரோசின் 25 கிராம். கோடைக்கு ரோசினை 35 கிராம் வரை ஏற்றலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் 20 கிராமோடு நிறுத்தி, சில சொட்டு விளக்கெண்ணெய் சேருங்கள், குளிரில் மெழுகு வெடிக்காது. பழைய மெழுகில் ஏற்கெனவே பிசின் இருந்திருக்கலாம். அதனால் முதலில் பாதி ரோசினை மட்டும் போட்டுச் சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் மீதியைச் சேர்ப்பதுதான் சரி.

ரோசினைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்குங்கள். தேன்மெழுகை முன்போலவே தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்குங்கள். இந்த முறை மெழுகோடு தண்ணீர் சேரக் கூடாது. உருகியதும் ரோசின் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். அது 70, 80 டிகிரியில்தான் இளகத் தொடங்கும், பொறுமையாகக் கிளற வேண்டும். திறந்தவெளியில் செய்யுங்கள். ரோசின் புகை மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை இன்னொருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கட்டி இல்லாமல் கரைந்ததும், ஒரு வாளிக் குளிர்ந்த தண்ணீரில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். உறைந்து மிதக்கும் மெழுகை உடனே கையில் எடுத்துவிடாதீர்கள். வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே சூடு இருக்கும், அழுத்தினால் பீறிட்டு விரலில் ஒட்டிக்கொள்ளும். தொடும் சூட்டுக்கு வந்ததும் ஈரக் கையால் ஒன்றுசேர்த்துப் பிசையுங்கள், இழுங்கள், மடியுங்கள், மறுபடி இழுங்கள். பிசின் அதிகமுள்ள கலவையாக இருந்தால், காற்றுப் புகப் புக அதன் நிறம் வெளுத்துப் பொன்னிறத்துக்கு வரும். பிசைந்து முடித்ததும் எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாக உருட்டிவிடலாம்.

சரி, கலவை சரியாக வந்திருக்கிறதா? ஒரு முழம் நூலை உருண்டையில் அழுத்தி மூன்று முறை இழுங்கள். பிறகு ஒரு துணி மடிப்புக்குள் வைத்து வேகமாக உருவுங்கள். அந்த உராய்வுச் சூட்டில் மெழுகு இளகி நூலுக்குள் இறங்க வேண்டும். நூலைச் சுண்டுவிரலில் இறுக்கிச் சுற்றி அவிழ்த்துப் பாருங்கள். வெள்ளையாக உதிர்ந்தால் பாரஃபின் கலந்துவிட்டது, அல்லது ரோசின் கூடிவிட்டது. விரலில் பிசுக்கு ஒட்டினால் எண்ணெய் கூடிவிட்டது. விரலை லேசாகப் பிடித்துவிட்டு, எதுவும் ஒட்டாமல் விலகினால் சரியான பதம். ரோசின் கூடியதைக் கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து மறுபடி உருக்கிச் சரிசெய்யலாம். பாரஃபின் கலந்ததைச் சரிசெய்ய முடியாது, ஓர மெழுகுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பருத்தி, லினன் நூலுக்கு இந்த மெழுகு மிக நன்றாகப் பிடிக்கும். நைலான், பாலியஸ்டர் நூல் வழவழப்பானது, மெழுகு மேலோடு நின்றுவிடும். அதற்குத் துணியில் உருவுவதை இரண்டு முறை செய்யுங்கள். கறுப்புத் தோலுக்கு ஒரு உருண்டை, வெளிர் தோலுக்கு ஒரு உருண்டை என்று தனித்தனியாக வைப்பது அவசியம். கைத்தையலுக்கு மட்டுமே இது. தையல் மிஷினில் ஓட்டினால் ஊசிக்காதும் டென்ஷன் தகடும் அடைத்துக்கொள்ளும்.

ஓரத்துக்குத் தேய்க்கும் மெழுகுக் குச்சி

அடித்தோலின் ஓரம், அடுக்குத் தோலில் செய்த குதிகாலின் பக்கவாட்டு ஆகியவற்றுக்கு வேண்டியது கெட்டியான, நிறமுள்ள மெழுகு. இங்கேதான் மெழுகுவர்த்தித் துண்டுகள் பயன்படும். மெழுகுவர்த்தி 2 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு, நிறத்துக்கு விளக்குக் கரி. கரியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், எண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் ஒரு தட்டைப் பிடித்தால் கண்மைக்கு எடுக்கும் அதே கரி படியும். 100 கிராம் மெழுகுக்கு ஒரு தேக்கரண்டி போதும். கொஞ்சம் உருகிய மெழுகில் கரியை முதலில் குழைத்துக்கொண்டு, பிறகு மொத்தத்தோடு சேருங்கள். நேரடியாகக் கொட்டினால் மேலேயே மிதக்கும். கார்னோபா இருந்தால் பத்தில் ஒரு பங்கு போடுங்கள். பழுப்பு நிறம் வேண்டுமானால் முழுக்கக் காய்ந்த பழுப்பு பாலிஷ் துண்டுகளைக் கரிக்குப் பதிலாகச் சேர்க்கலாம்.

பேப்பர் கப்பிலோ ஐஸ் தட்டிலோ ஊற்றி உறையவிடுங்கள். ஆறும்போது பாரஃபின் சுருங்கி நடுவில் குழி விழும். குழியில் கொஞ்சம் ஊற்றி நிரப்பினால் குச்சி நடுவில் உடையாது.

பூசும் முறை இது. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்து, காயவிடுங்கள். குச்சியை அழுத்தித் தேய்த்து ஒரு படலம் ஏற்றுங்கள். ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியின் முதுகைச் சூடுபடுத்தி, முதலில் ஒரு தோல் துண்டில் வைத்துப் பாருங்கள். தோல் கறுகினாலோ சுருங்கினாலோ சூடு அதிகம். மெழுகு மட்டும் உருகி உள்ளே இறங்கும் சூட்டில் ஓரம் முழுக்க ஓட்டுங்கள். ஆறியதும் முரட்டு ஜீன்ஸ் துணியால் வேகமாகத் தேய்த்தால் மினுமினுப்பு வரும். சிறு கீறல், ஆணித் துளை எல்லாம் இதிலேயே நிரம்பிவிடும். ரப்பர், பிவிசி அடிப்பாகத்தில் இந்த மெழுகு நிற்காது. அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

வறண்ட பாலிஷ் டின்

டின்னில் பாலிஷ் வெடித்து, குலுக்கினால் கடகடவென்று சத்தம் வருகிறதா? அது கெட்டுப்போகவில்லை. டின் பாலிஷ் என்பது மெழுகு, சாயம், அவற்றை இளக்கி வைத்திருக்கும் ஒரு கரைப்பான் ஆகிய மூன்றும்தான். மூடி சரியாக மூடாததால் கரைப்பான் ஆவியாகியிருக்கிறது. மெழுகும் சாயமும் அப்படியே இருக்கின்றன. போன கரைப்பானைத் திருப்பிக் கொடுத்தால் பாலிஷும் திரும்பிவிடும்.

ஒரே நிறத் துண்டுகளை ஒரு டின்னில் சேர்த்து, கத்தி நுனியால் பொடியாக நொறுக்குங்கள். டர்பன்டைன் ஒரு தேக்கரண்டி விடுங்கள். மூடி, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் தீ எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீர்க் கிண்ணத்தில் டின்னை மூடி இல்லாமல் மிதக்கவிட்டு, குச்சியால் குழையுங்கள். இளகிச் சமமானதும் எடுத்து அசையாமல் ஆறவிட்டால், புது டின் போலவே மேற்பரப்பு வழவழப்பாக உறையும். தளர்வாக இருந்தால் சில மணிநேரம் திறந்து வையுங்கள், கெட்டியாக இருந்தால் சில சொட்டு டர்பன்டைன். பெயின்ட் தின்னரை ஊற்றாதீர்கள், தோலின் மேல்பூச்சையே கரைத்துவிடும்.

டர்பன்டைனின் ஆவி 35 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே, பக்கத்தில் ஒரு பொறி இருந்தால் பற்றிக்கொள்ளும். சென்னையிலோ வேலூரிலோ மே மாத நண்பகலில் காற்றின் வெப்பமே அதைத் தாண்டிவிடுகிறது. வெயில் பெட்டியில் பாலிஷ் வைக்க வேண்டாம் என்றது இதற்காக. அடுப்பு எரியும்போது டர்பன்டைன் பாட்டிலைத் திறக்கவும் கூடாது, பீடி சிகரெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் தடுக்கும் பூச்சு

புதுத் தோல் செருப்பு காலைக் கடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய் ஊறவைப்பது கிராமங்களில் பழைய வழக்கம். அதோடு மெழுகு சேர்த்தால் மழைக்காலத்துக்கு ஏற்ற பூச்சு கிடைக்கும். தேன்மெழுகு 1 பங்கு, விளக்கெண்ணெய் 3 பங்கு. தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கிக் கலந்து, அகலமான டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். களிம்பு பதத்தில் உறையும்.

இதில் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றுகூடச் சேரக் கூடாது. விளக்கெண்ணெய் பெட்ரோலியப் பொருள்களோடு சரியாகக் கலக்காது. சூட்டில் கலந்தது போலத் தெரிந்து, ஆறியதும் பிரிந்து நிற்கும். ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம். அது காய்ந்து இறுகும் எண்ணெய், தோலை விறைக்கவைக்கும்; அதில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

ஷூவைத் துடைத்து, முழுக்கக் காயவைத்து, களிம்பை விரலால் மெல்லியதாகத் தடவுங்கள். தையல் ஓடும் இடங்களில் இன்னொரு தடவை. அரை மணி கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள். தோலின் நிறம் கொஞ்சம் கறுக்கும், வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்ட தோலில் இந்தக் கறுப்பு அதிகம் தெரியும். ஸ்வேட், நபக் போன்ற மென்மயிர் தோல்களுக்கும் ரெக்சினுக்கும் இதைப் போடவே வேண்டாம்.

மிச்சத்தின் மிச்சம்

மெழுகுவர்த்தித் துண்டு சில உருக்காமலே வேலைக்கு ஆகும். குத்தூசியின் நுனியை அதில் ஒரு முறை குத்தி எடுத்தால், தடித்த அடித்தோலிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். சிக்கும் ஜிப்பின் பற்களில் தேய்த்து ஐந்தாறு முறை ஏற்றி இறக்கினால் ஓடத் தொடங்கும். மழைக்காலத்தில் பெட்டியில் கிடக்கும் கத்தி, ஊசிகளில் லேசாகத் தேய்த்துவைத்தால் துரு ஏறாது. ஆணி அடிக்கும்போது நுனியைத் தொட்டுக்கொண்டால் தோல் பிளக்காமல் இறங்கும்.

ஆனால் சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டிய இடத்தின் பக்கத்தில் மெழுகே வரக் கூடாது. அடிப்பாகம் ஒட்டும் வேலை இருந்தால் ஒட்டுவதை முதலில் முடியுங்கள், மெழுகு வேலை அப்புறம். ஏற்கெனவே மெழுகு பட்ட பரப்பை ஒட்ட வேண்டியிருந்தால், கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் புதுத் தோல் தெரியும்வரை தேய்த்த பிறகே சொல்யூஷன் போடுங்கள். மெழுகு தேய்த்த கையோடு ஒட்டும் பரப்பைத் தொட்டாலே அந்த இடத்தில் பிடிப்பு போய்விடும். பழுது பார்த்த ஷூ அதே இடத்தில் மறுபடி வாய் பிளப்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

எடுத்துவைப்பது

ஒவ்வொரு டப்பாவிலும் என்ன மெழுகு, எந்த மாதம் காய்ச்சியது என்று எழுதி ஒட்டுங்கள். ஆறிய பிறகு நூல் மெழுகும் ஓர மெழுகும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தேன்மெழுகின் மேல் சில வாரத்தில் வெள்ளைப் படலம் படிந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், கையால் தேய்த்தால் போய்விடும். விளக்கெண்ணெய்க் களிம்பில் மட்டும் சிக்கு வாடை வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள், வந்தால் ஷூவில் தடவாதீர்கள்.

ரோசின் கலந்த உருண்டையைத் திறந்தபடி பெட்டி மூலையில் போடாதீர்கள். சுத்தியலால் தட்டினால் உடையும் அதே பொருள், மாதக் கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் மெல்ல வழிந்து பரவும், பிசின் கூடக் கூட இந்தக் குணம் அதிகமாகும். 19ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு என்ற இயற்பியலறிஞர் இந்தக் குணத்தைக் காட்டுவதற்குச் செருப்புத் தொழிலாளரின் மெழுகையே எடுத்துக்கொண்டார். தண்ணீருக்குள் ஒரு மெழுகுப் பலகை; மேலே ஈயக் குண்டுகள், அடியில் தக்கைகள். காலம் போகப் போக குண்டுகள் பலகை வழியே இறங்கின, தக்கைகள் மேலே ஏறி வந்தன. உங்கள் பெட்டியில் அது கத்திப் பிடியையும் நூல் கண்டையும் விழுங்காமல் இருக்க, ஒரு சிறு தோல் துண்டில் பொதிந்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். நூல் இழுக்கும்போதும் அந்தத் தோலோடே பிடித்துக்கொண்டால் கையில் ஒட்டாது. வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வெயிலில் நிறுத்தவும் வேண்டாம்.

வடிகட்டிய துணியில் தங்கும் கசடையும், அடியிலிருந்து சுரண்டிய படலத்தையும் சாக்கடையில் கொட்டாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பாலிஷ் கலக்காத கசடைச் செய்தித்தாளில் சுருட்டிவைத்தால் விறகடுப்பு பற்றவைக்க ஆகும். பாலிஷ், சாயம் கலந்ததை அடுப்பில் போடாமல் குப்பையோடு தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.